தாளை வீட்டுக்குக் கொண்டு வாருங்கள்

தோழர்களே, தோட்டத்தில் கார் ஆடம்பரமல்ல. நடுராத்திரியில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் ஆஸ்பத்திரிக்கு அதுதான் துணை. ஆனால் பழைய கார் வாங்கப் போனால், விலை பேசி முடிந்ததும் இன்னொரு தாளை நீட்டுகிறார்கள்: "இதையும் கட்டிடுங்க அண்ணே, ரெண்டு வருஷத்துக்குக் கவலையே இல்லை!" இதுதான் கூடுதல் உத்தரவாதம்.

நாம் கேட்க வேண்டியவை மூன்று. எந்தச் சாமான் சேரும்? டயர், பிரேக் கட்டை, பேட்டரி போன்று தேய்பவை பெரும்பாலும் சேராது. சர்வீஸ் எங்கே செய்ய வேண்டும்? ஒரு தடவை தவறினாலே கைவிரிக்கலாம். பணம் கொடுப்பவர் கடைக்காரரா, வேறு கம்பெனியா? தவணைக் கடனோடு சேர்த்தால் அதற்கும் வட்டி உண்டு, மறக்கக்கூடாது.

காசு கட்டாமலே நமக்கு ஒரு காவல் இருக்கிறது. விற்ற பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம். தகராறு வந்தால் 5 வெள்ளி கட்டிப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு கொடுக்கலாம். வக்கீல் வைக்க வேண்டியதில்லை.

கியர்பாக்ஸ் போனால் தாங்க முடியாத குடும்பத்துக்கு, அது சேர்ந்திருந்தால், அந்தத் தாள் உதவலாம். மற்றவர்கள் அந்தக் காசை ரிப்பேருக்கென்று தனியே சேர்த்து வைப்பதே நல்லது.

எதுவானாலும் கடையிலேயே கையெழுத்துப் போடாதீர்கள். தாளை வீட்டுக்குக் கொண்டு வந்து, படித்த பிள்ளையிடம் கொடுத்து, முழுதும் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். வேர்வை சிந்திய காசு, தோழர்களே!