கம்பெனியை அப்புறம் ரெஜிஸ்டர் பண்ணலாம், முதல்ல ஒரு பில் போடுங்க

வேலை பார்த்துக்கிட்டே ஸ்டார்ட்அப் தொடங்கணும்னு நினைக்கிறவங்க என்கிட்ட பெரும்பாலும் கேட்கிற முதல் கேள்வி இதுதான்: "பிரைவேட் லிமிடெட் ரெஜிஸ்டர் பண்ண எவ்வளவு சார் ஆகும்?" என்ன விற்கப் போறீங்க, யார் வாங்குவாங்கன்னு திருப்பிக் கேட்டா, "அதெல்லாம் இனிமேதான்"னு பதில் வரும்.

ஐடியா வந்த உடனே கம்பெனி தொடங்கணும் என்பது எழுதாத சட்டம் மாதிரி ஆகிடுச்சு. ஆடிட்டரான எனக்கு இதுல வருமானம்தான். இருந்தாலும் சொல்றேன், உங்கள்ல முக்காவாசி பேருக்கு அது இப்போ தேவையில்லை.

தொடங்குறது மலிவுதான். அங்கீகரிக்கப்பட்ட மூலதனம் 15 லட்சம் வரைக்கும் மத்திய அரசு பதிவுக் கட்டணமே வாங்குறதில்லை. ஸ்டாம்ப் டியூட்டி, டிஜிட்டல் கையெழுத்து, ஆலோசகர் ஃபீஸ், அவ்வளவுதான். செலவு அதுக்கு அப்புறம் வருது. ஒரு ரூபாய்கூட விற்பனை இல்லைன்னாலும் 30 நாளுக்குள்ள ஆடிட்டரை நியமிக்கணும். வருஷா வருஷம் ஆடிட் பண்ணணும். கம்பெனி பேர்ல தனி வருமான வரி ரிட்டர்ன். அதோட ஏஓசி-4, எம்ஜிடி-7ஏ என்று ரெண்டு ஃபார்ம். தாமதமானா ஒவ்வொரு ஃபார்முக்கும் நாளைக்கு 100 ரூபாய், உச்சவரம்பு கிடையாது. ரெண்டையும் ஒரு வருஷம் மறந்துட்டா 73,000 ரூபாய்! எப்போவாவது அரசு சலுகைத் திட்டம் அறிவிக்கும், அதை நம்பி உட்காராதீங்க.

தொடர்ந்து 3 வருஷம் தாக்கல் பண்ணலைன்னா டைரக்டர்களுக்கு 5 வருஷத் தகுதியிழப்பு. நிஜமாவே நல்ல ஐடியா கிடைக்கும்போது, நீங்க வேற எந்தக் கம்பெனியிலும் டைரக்டரா சேர முடியாது. சரி, மூடிடலாம்னா அதுக்கும் 10,000 ரூபாய் கட்டணம். அதுக்கு முன்னாடி பாக்கி ஃபார்மை எல்லாம் முடிக்கணும்.

சம்பளக்காரங்க கவனிக்க வேண்டியது இன்னொண்ணு. டைரக்டர் பெயரை எம்சிஏ இணையதளத்துல யார் வேணும்னாலும் பார்க்கலாம், உங்க எச்ஆர் உட்பட. 2022-ல் விப்ரோ 300 பேரை வேலையை விட்டு அனுப்பினது ஞாபகம் இருக்கும். அவங்க போட்டி நிறுவனங்களுக்கு வேலை பார்த்தாங்கன்னு சொல்லப்பட்டது, உங்க கதை வேற. ஆனாலும் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்து ஒரு தடவை படிங்க. தனிநபரா தொழில் பண்ணினாலும் அந்த நிபந்தனைகள் பொருந்தலாம்.

"பேரை வேற யாராவது எடுத்துட்டா?" கம்பெனி பெயர்ப் பதிவு பிராண்டைக் காப்பாத்தாது, அதுக்கு டிரேட்மார்க் வேணும். தனிநபருக்கு ஆன்லைன்ல ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். "ஸ்டார்ட்அப்புக்கு 3 வருஷ வரிவிலக்கு?" அது லாபத்துக்குத்தாங்க. முதல்ல லாபம் வரட்டும்.

அதுவரைக்கும் புரொப்ரைட்டரா இருங்க. ஆதார், பான் வச்சு உத்யம் பதிவு இலவசம். ஒரு கரன்ட் அக்கவுன்ட் போதும். சேவைத் தொழில்னா வருஷத்துக்கு 20 லட்சம் விற்றுமுதல் வரை பொதுவா ஜிஎஸ்டி பதிவு வேண்டாம். பொருளை வெளிமாநிலத்துக்கு விற்றா மட்டும், சில விலக்குகள் தவிர, முதல் நாளே வேணும்.

ஆப்பிளையே எடுத்துக்கோங்க. 1976 ஏப்ரல் 1-ல் ஸ்டீவ் ஜாப்ஸ், வோஸ்னியாக், ரொனால்ட் வெய்ன் மூணு பேரும் போட்டது வெறும் பார்ட்னர்ஷிப். பைட் ஷாப் என்ற கடை 50 கம்ப்யூட்டருக்கு ஆர்டர் கொடுத்தது, செஞ்சு கொடுத்தாங்க. மைக் மார்க்குலா முதலீட்டோட வந்த பிறகு, 1977 ஜனவரி 3-ல்தான் அது கம்பெனியா பதிவாச்சு.

அதே கதைக்கு மறுபக்கமும் இருக்கு. வெய்ன் 12 நாள்ல விலகிட்டார். கடன் வந்தா, மூணு பேர்ல சொத்து இருக்கிற தன்னைத்தான் பிடிப்பாங்கன்னு பயம். நியாயமான பயம்தான். புரொப்ரைட்டர்ஷிப்லயும் தொழில் கடன் உங்க சொந்த வீடு வரைக்கும் வரும். அதனால பெரிய கடன் வாங்கிச் செய்யற தொழில், நஷ்டஈடு கேட்டு வழக்கு வரக்கூடிய தொழில்னா நான் சொன்னதைக் கேட்காதீங்க, கம்பெனியாவே தொடங்குங்க. நண்பரோட சேர்ந்து செய்யறதுன்னா எல்எல்பி பாருங்க. விற்றுமுதல் 40 லட்சமோ, பார்ட்னர்கள் போட்ட பணம் 25 லட்சமோ தாண்டாத வரை, எல்எல்பி சட்டப்படி ஆடிட் கட்டாயம் இல்லை.

மத்தவங்க, "உங்க தொழில்ல பங்கு கொடுப்பீங்களா"ன்னு ஒரு முதலீட்டாளர் கேட்கிற அன்னைக்கு ஆடிட்டரைக் கூப்பிடுங்க. புரொப்ரைட்டர்ஷிப்பை மூலதன ஆதாய வரி இல்லாம கம்பெனியா மாத்த வழி இருக்கு. முக்கிய நிபந்தனை, 5 வருஷத்துக்கு பாதிக்குக் குறையாத ஓட்டுரிமை உங்ககிட்டயே இருக்கணும். அதை முதலீட்டாளர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க.