இரண்டு விஜய், ஒரு சீஸன்

“விஜய் பெரிசா, விஜய் பெரிசா?”

அச்சுப்பிழை இல்லை சார். சினிமா சமாச்சாரமும் இல்லை. போன மாசம் காக்களூர் சிட்கோ எஸ்டேட் டீக்கடையில், ஒரு பெரியவர் என்னைக் கேட்ட கேள்வி.

அங்கே ஒரு சின்னப் பட்டறைக்கு வாரத்தில் ரெண்டு நாள் கணக்கு எழுதப் போகிறேன். (பத்திரிகையில் எழுதுவது பேருக்கு. சோறு போடுவது பி.காம்.!) முதலாளி கூப்பிட்டார்.

“ரெண்டு சூப்பர்வைசர், ஒரே ஒரு ஃபோர்மேன் போஸ்ட். போன வருஷம் பகல் ஷிஃப்ட்ல எத்தனை பீஸ், நைட் ஷிஃப்ட்ல எத்தனை பீஸ்னு ஒரு ஷீட் போட்டுக் குடுங்க. யார் அதிகமோ, அவருக்குத்தான்!”

அரை மணி நேர வேலை. பகல்காரர் எங்கேயோ போய்விட்டார். நைட்காரர் எட்டாத தூரத்தில் இரண்டாவது. வெற்றிகரமாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு டீ குடிக்கப் போனேன். ஸ்டோர் கீப்பர் பெரியவர் ஷீட்டை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“தம்பி, விஜய் மெர்ச்சன்ட் பெரிசா, விஜய் ஹசாரே பெரிசா?”

ஹசாரே பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2022-ல் நம்ம ஜெகதீசன் அருணாசலப் பிரதேசத்தைப் பிழிந்து 277 ரன் எடுத்தாரே, அது விஜய் ஹசாரே கோப்பைதான். மெர்ச்சன்ட் பெயரில் இருப்பது பதினாறு வயசுக்குட்பட்ட பையன்களின் கோப்பை. பெரியவர் சொன்னது, இந்த இருவரும் ரத்தமும் சதையுமாக மோதிக்கொண்ட 1943-44 சீஸன்.

அப்போது பம்பாயில் பென்டாங்குலர் என்று ஒரு போட்டி. மதவாரியாக டீம்! ஹிந்துக்கள், முஸ்லிம்கள், பார்சிகள், ஐரோப்பியர்கள். இந்த நாலிலும் சேராதவர்களுக்கு ‘ரெஸ்ட்’ என்று ஒரு டீம். காந்திஜிக்கு இந்த ஏற்பாடே பிடிக்கவில்லை, 1946-ல் நிறுத்திவிட்டார்கள். மெர்ச்சன்ட் ஹிந்துக்கள் டீம். ஹசாரே கிறிஸ்தவர், அதனால் ரெஸ்ட்.

அந்தப் போட்டியில் தனிநபர் ரெக்கார்டு மெர்ச்சன்ட்டின் 243. ஹசாரே முஸ்லிம்கள் டீமுக்கு எதிராக 248 அடித்து அதைப் பறித்தார். ஃபைனலில் ரெண்டு பேரும் எதிரெதிரே. மெர்ச்சன்ட் என்ன செய்தார்? 250, அதுவும் நாட் அவுட்! “எடுத்த இடத்திலேயே வை” என்று பிடுங்கிக்கொண்ட மாதிரி. ஹிந்துக்கள் 5 விக்கெட்டுக்கு 581, டிக்ளேர்.

ரெஸ்ட் 133-க்குச் சுருண்டது. அதில் 59 ஹசாரே. ஃபாலோ ஆன். ரெண்டாவது இன்னிங்ஸில் மொத்தம் 387. அதில் ஹசாரே மட்டும்...

309!

டீக்கடையிலேயே கால்குலேட்டரைத் தட்டினேன். கிட்டத்தட்ட 80 சதவீதம். மிச்சம் பத்துப் பேரும் உதிரி ரன்களும் சேர்ந்து 78. ரெக்கார்டு மறுபடி கை மாறியது, ஒரே மேட்சுக்குள். ஆனால் மேட்ச்? ஒரு இன்னிங்ஸ், 61 ரன் வித்தியாசத்தில் ரெஸ்ட் தோற்றது.

மெர்ச்சன்ட் சும்மா இருப்பாரா! அதே சீஸன் ரஞ்சியில் மகாராஷ்டிரா மேல் 359 நாட் அவுட். 1948-49-ல் நிம்பால்கர் 443 அடிக்கும்வரை இந்தியாவில் அதைத் தாண்ட ஆளில்லை.

“அப்போ மெர்ச்சன்ட்தானே சார்? 359, 309-ஐ விட ஜாஸ்தி. டீமும் ஜெயிச்சிருக்கு.”

“உன் ஷீட்டும் அதைத்தான் சொல்லுது. ஆனா எந்தப் பக்கம் ஆள் பலம், யார் தனியா இழுத்தாங்கன்னு உன் ஷீட்ல காலம் இருக்கா?”

இல்லை.

“மெர்ச்சன்ட்டைக் குறைச்சுச் சொல்லலே. முதல் தர கிரிக்கெட்ல அவர் ஆவரேஜ் 71.64. பிராட்மனுக்கு அடுத்து அவர்தான். நல்ல டீம்ல இருக்கிறது குத்தமா? ஆனா ஒரே ஒரு நம்பரை வெச்சு ரெண்டு பேருக்குத் தீர்ப்பு எழுதாதே. இன்னொண்ணு... அந்த 309-ல எதிர்முனையில நின்னவர் ஹசாரேயோட கூடப்பிறந்தவர், விவேக். ரெண்டு பேரும் சேர்ந்து 300 ரன் பார்ட்னர்ஷிப். அதுல விவேக் எடுத்தது எவ்வளவு தெரியுமா? 21! அவர் நிக்கலேன்னா அந்த 309 ஏது?”

டீ ஆறிப்போயிருந்தது.

உள்ளே போய் ஷீட்டைக் கிழித்துவிட்டு மறுபடி உட்கார்ந்தேன். பகல் ஷிஃப்ட்டுக்குப் புது மெஷின், பழகின ஆட்கள். நைட்டுக்குப் பழைய மெஷின், மூணு டிரெய்னி பையன்கள். ரிப்பேரில் நின்ற நேரத்தைக் கழித்து, ஓடின மணிக்கு எத்தனை பீஸ் என்று போட்டால், நைட்காரர் ஒரு பிடி மேலே! பகல்காரர் பக்கமும் ஒரு நியாயம் கிடைத்தது: ரிஜெக்ட் ஆன பீஸ் அவரிடம்தான் குறைச்சல். அரை மணி வேலை, ரெண்டு நாள் ஆனது.

முதலாளி மேலும் கீழும் பார்த்தார். “ஒரு கேள்வி கேட்டா ரெண்டு பதில் எழுதிட்டு வர்றியேய்யா?” ஐந்து நிமிஷம் மோட்டுவளையைப் பார்த்தார். “சரி, மூணு மாசம் ஷிஃப்ட்டை மாத்திப் போடுவோம். அப்புறம் பாக்கலாம்.”

விளைவு? கைக்கு வந்த போஸ்ட்டைத் தட்டிவிட்டேன் என்று பகல்காரர் என்னோடு பேசுவதில்லை. பகலில் தூங்கிப் பழகிய நைட்காரர், தூக்கத்தைக் கெடுத்த பாவி என்று முறைக்கிறார். பெரியவர் மட்டும் டீ வாங்கித் தருகிறார்.

ஆனால் ஷீட்டின் அடியில் நான் ஒரு வரி சேர்த்திருந்தேன். நைட் ஷிஃப்ட் ஹெல்பர். பழைய மெஷின் நின்றால் எந்த ராத்திரியிலும் ஓடிவந்து ஓட வைக்கிறவர். பீஸ் கணக்கில் அவர் பெயருக்கு நேரே சைபர். முதலாளி அந்த வரியைப் பென்சிலால் வட்டம் போட்டு வைத்துக்கொண்டார்.

இந்த மாசம் அவர் சம்பளக் கவர் கொஞ்சம் கனமாம். ஸ்கோர் போர்டில் ஒரு 21 ஏறிவிட்டது சார்!