மஞ்சள் கற்பித்த பாடம்

காயத்தில் மஞ்சள் பூசும் வழக்கத்தை நம் பாட்டிமாருக்குக் கற்றுக் கொடுத்தவர் யார்? எவரும் அறியார், அவ்வளவு பழைய வழக்கம் அது. ஆனால் 1995-ஆம் ஆண்டில், மஞ்சளைக் கொண்டு காயத்தை ஆற்றும் முறைக்கு அமெரிக்காவிலுள்ள மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையம் ‘பேட்டண்ட்’ எனப்படும் காப்புரிமை பெற்றுவிட்டது! நம் நாட்டின் அறிவியல், தொழிலக ஆராய்ச்சி மன்றம் அதை எதிர்த்தது. “எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும்” என்று சொன்னால் போதவில்லை. எழுத்துச் சான்று கேட்கப்பட்டது. பழைய வடமொழி நூலும், 1953-இல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த கட்டுரையும் உட்பட 32 சான்றுகளைத் திரட்டிக் காட்டிய பின்பு, 1997-இல் அக்காப்புரிமை நீக்கப்பட்டது.

அறிவியலும் சட்டமும் ஒருங்கே அறிந்தவர்கள் எவ்வளவு தேவை என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது. அப்படிப்பட்டவர்களே பேட்டண்ட் ஏஜெண்டுகளும் பேட்டண்ட் வழக்கறிஞர்களும். பொறியியல் படித்த பெண்களுக்கு மிகவும் ஏற்ற பணி இது என்பது நம் கருத்து.

அவர்கள் செய்யும் வேலை என்ன? ஒருவர் புதிய இயந்திரம் ஒன்றைக் கண்டுபிடித்து வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அது இயங்கும் விதத்தை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். அதைப் போன்றது முன்பே உலகில் எங்கேனும் உண்டா என்று தேட வேண்டும். பிறகு, எது புதியது, எதுவரை உரிமை என்பதை எழுத வேண்டும். இங்கேதான் ஒவ்வொரு சொல்லும் எடை போடப்படுகிறது. ‘இரும்புச் சுருள்வில்’ என்று எழுதிவிட்டால், ரப்பரை வைத்துச் செய்பவர் தப்பிக்க வழி பிறக்கும். ‘அழுத்தும் எந்தப் பொருளும்’ என்று அகலமாக எழுதினால், இது பழையதுதானே என்று மறுக்கப்படும். விண்ணப்பம் கொடுக்கும் முன்பே ஊரறியக் காட்டிவிட்டாலோ, புதுமை போயிற்று என்று உரிமையே கிடைக்காமல் போகலாம். எத்தனையோ உழைப்பாளிகள் இதை அறியாமல் இழந்திருக்கிறார்கள்.

இது பணக்காரர்களுக்கு மட்டும் பயன்படும் தொழில் அன்றோ என்று சிலர் கேட்கலாம். அப்படியன்று. காப்புரிமைக்கு 20 ஆண்டே ஆயுள். அதன் பின் அந்த அறிவு அனைவருக்கும் பொது. மேலும், மாதம் ஏறத்தாழ 2,80,000 ரூபாய் விலையிலிருந்த புற்றுநோய் மருந்து ஒன்றை 8,800 ரூபாய்க்கு விற்க, 2012-இல் நம் நாட்டில் கட்டாய உரிமம் வழங்கப்பட்டது. அதற்கு வழி செய்ததும் இதே காப்புரிமைச் சட்டம்தான்.

இப்பணிக்கு வரும் வழியும் கடினமானதன்று. 1970-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 21 வயது நிறைந்த இந்தியக் குடிமகளாக இருந்து, அறிவியல், பொறியியல் அல்லது தொழில்நுட்பத்தில் பட்டம் பெற்று, எழுத்துத் தேர்விலும் நேர்முகத் தேர்விலும் தேறினால் பேட்டண்ட் ஏஜெண்டாகப் பதிவு செய்துகொள்ளலாம். இதற்குச் சட்டப் பட்டம் கட்டாயமில்லை. நீதிமன்றத்தில் வாதாட விரும்பினால் மட்டும் சட்டமும் படிக்க வேண்டும். காப்புரிமை அலுவலகம் கல்கத்தாவில் தலைமையிடம் கொண்டு, சென்னை, பம்பாய், டில்லி ஆகிய நகரங்களிலும் இயங்குகிறது. நமக்குரியது சென்னை கிண்டியிலேயே இருக்கிறது.

பெண்ணால் இயலுமா என்ற ஐயமும் வேண்டாம். ஃபிளாரன்ஸ் கிங் என்னும் அமெரிக்கப் பெண்மணி 1897-லேயே இத்தொழிலில் பதிவு பெற்றார். 1923-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தில் காப்புரிமை வழக்கொன்றில் வெற்றியும் கண்டார்.

பெற்றோரிடம் நாம் பணிவுடன் ஒன்று சொல்ல விரும்புகிறோம். மகள் பொறியியல் முடித்ததும், “தொழிற்சாலை வேலை பெண்ணுக்கு ஆகாது” என்று பட்டத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடும் வீடுகள் இன்றும் உண்டு. கட்டுரை நன்றாக எழுதும் மகளிடம், “மொழிப் பாடத்தால் சோறு கிடைக்குமா?” என்று கேட்கும் வீடுகளும் உண்டு. கணக்கும் வேண்டும், கட்டுரையும் வேண்டும் என்று கேட்கும் தொழில் ஒன்று இருக்கும்போது, இரண்டில் ஒன்றை ஏன் கைவிடச் சொல்ல வேண்டும்?

தோழியரே, வரும் விடுமுறையில் ஒரு சிறு பயிற்சி செய்து பார்ப்போம். வீட்டிலுள்ள இடியாப்ப உழக்கை எடுத்து வைத்துக்கொண்டு, அதைக் கண்ணால் காணாத ஒருவர் படித்த மாத்திரத்தில் செய்யக்கூடிய அளவுக்கு, ஒரு சொல்லும் கூடாமல் குறையாமல் எழுதுவோம். எழுதியதைத் தங்கையிடம் கொடுத்து, படம் வரையச் சொல்வோம். அவள் வரைந்தது உழக்காகவே இருந்தால், நம்மில் ஒரு பேட்டண்ட் வழக்கறிஞர் உருவாகத் தொடங்கிவிட்டார் என்று மகிழலாம்!