கைக்கு அடங்கும் நூல்

பூண்டுலோயாத் தோட்டங்களில் கொழுந்து பறிப்போர்க்கு இன்றியமையாத நூல் யாது? தம் கூலிக்கணக்கைத் தாமே சரிபார்க்கக் கற்பிக்கும் கைந்நூலே என்போம். 1927இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பிறந்தது. ஆயினும் சட்டம் பேசியது ஆங்கிலம், உழைத்தோர் பேசியது தமிழ். 1931இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் கண்ட கோ. நடேசய்யர், தொழிலாளர் சட்டத்தைத் தமிழில் நூலாக்கினார்.

அப்பணி இன்னும் முடியவில்லை. அரைநாட்கூலியாகிய ‘அரைப்பேர்’ எப்போது விழும்? ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி 8 வீதமும் நிர்வாகம் 12 வீதமும் செலுத்துவதை எங்ஙனம் சரிபார்ப்பது? இவற்றைப் பிரட்டுக்களத்துச் சொற்களிலேயே எழுதவேண்டும்.

மலையக மாணவச் செல்வங்களே! ஒரு பக்கம் எழுதி அன்னைக்குப் படித்துக் காட்டுங்கள். அவர் மறித்துக் கேட்கும் இடமே நீங்கள் திருத்தவேண்டிய இடம்.