வெறுந்தேத்தண்ணியில் ‘வெறும்’ எங்கே இருக்கு?

‘வெறுந்தேத்தண்ணி’ என்ற சொல்லில் இருந்து ‘வெறும்’ என்பதை வெட்டி எறிய வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். தேயிலையும் கொதிச்ச தண்ணியும் சேர்ந்தால் அது தேத்தண்ணி. அதுக்குள் பால்மாவைக் கரைச்சு, மூண்டு கரண்டி சீனியும் போட்டு ஆத்திக்கொண்டு வாற சாமானுக்கு வேணுமெண்டால் வேறொரு பெயர் வையுங்கோ.

“குறை நினைக்காதேங்கோ தம்பி, பால்மா முடிஞ்சுபோச்சு. வெறுந்தேத்தண்ணிதான் இருக்கு.” கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வவுனியாவிலோ வளர்ந்தவர்களில் இந்த வசனத்தைக் கேட்காதவர் யார்? உலகம் முழுக்கக் காசு கொடுத்து வாங்குகிற இலங்கைத் தேயிலையைக் கலப்பில்லாமல் ஊத்தித் தருகிறவர், ஏதோ குற்றம் செய்தவர் மாதிரி மன்னிப்புக் கேட்கிறார். வந்தவரும் “பரவாயில்லை அன்ரி” என்று பெருந்தன்மையாக மன்னிக்கிறார். என்ன கூத்து இது?

கொஞ்சம் கவனிச்சுப் பார்த்தால் இது நாக்கின் பிரச்சினை இல்லை என்பது விளங்கும். கிராம சேவகர் வீட்டுக்கு வந்தால் பால் ரீ. வெளிநாட்டில் இருந்து மாமா வந்தால் பால் ரீ, பக்கத்தில் பிஸ்கட். வேலி அடைக்க வந்தவருக்கும் கிணறு இறைக்க வந்தவருக்கும் வெறுந்தேத்தண்ணி. யாருக்கு எது என்று யாரும் எழுதி ஒட்டவில்லை. ஆனால் குசினிக்குள் நிற்கிற பிள்ளைக்கும் அது தெரியும். கோப்பையைப் பார்த்தே ஆளின் தரத்தைச் சொல்லிவிடலாம். எங்களுக்கு இது புதுப் பழக்கமும் இல்லை. யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் தேநீர்க் கடைக்குள் போய் மற்றவர்களோடு சமமாக இருந்து குடிக்கவே போராட வேண்டியிருந்தது. 1957 இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்த பிறகும் அந்தப் போராட்டம் முடியவில்லை. தேத்தண்ணியை வைச்சு ஆளை அளக்கிற பழக்கம் எங்களிடம் ஊறிப்போனது. சிரட்டை போய்க் கோப்பை வந்துவிட்டது, அளக்கிறது மட்டும் நிற்கவில்லை.

பால் ரீக்காரரின் பக்கத்து நியாயம் எனக்கு விளங்காமல் இல்லை. 1990களில் பொருளாதாரத் தடைக்குள் வாழ்ந்த சனம் சீனி இல்லாமல் பனங்கட்டியைக் கடிச்சுக்கொண்டு தேத்தண்ணி குடித்தது. பிறகு இடம்பெயர்வு, பிறகு 2009, பிறகு முகாம். அதெல்லாம் கடந்து சொந்தக் காணிக்குத் திரும்பி வந்த ஒரு அம்மாவுக்கு, வந்த ஆளுக்குப் பால் ரீ கொடுக்கிறது என்பது “நாங்கள் திரும்பவும் நல்லா இருக்கிறம்” என்று சொல்கிற மாதிரி. அந்த ஆசையை நான் கேலி செய்யமாட்டேன். அந்த நல்லா இருக்கிறதை ஒரு இறக்குமதிப் பைக்கற்றுக்குள் தேட வேணுமா என்பதுதான் என் கேள்வி.

ஏனென்றால் அந்தப் பைக்கற்றில் கிடப்பது பெரும்பாலும் நியூசிலாந்துப் பால். டொலர் முடிந்தால் அதுவும் முடிந்தது. 2021 ஒக்ரோபரில் 400 கிராம் பைக்கற் 480 ரூபா ஆனது. 2022 மார்ச்சில் 790 ரூபா. அதே மாதம் கடைகளில் ஒரு பால் ரீ 100 ரூபாவைத் தொட்டது. அந்தக் காலத்தில் பால்மாவுக்கு வரிசையில் நின்ற சனத்தை நாங்கள் எல்லாரும் பார்த்தோம். வன்னியில் மாடு இல்லையா? பசுப்பால் இருக்கிற வீட்டில் பிள்ளைக்குப் பாலைப் பாலாகவே கொடுங்கோ. சத்து வேணும் என்கிறவர்களுக்கும் என் பதில் அதுதான். ஒரு கோப்பைத் தேத்தண்ணிக்குள் போடுகிற இரண்டு கரண்டி மாவில் பிள்ளை வளராது. சாப்பாட்டோடு சேர்த்துத் தேத்தண்ணி குடிச்சால் கீரையிலும் பருப்பிலும் இருக்கிற இரும்புச்சத்து உடம்பில் சேர்வதும் குறையும். ஆகவே சின்னப் பிள்ளைகளுக்குப் பால் ரீயும் வேண்டாம், வெறுந்தேத்தண்ணியும் வேண்டாம்.

இனி ருசிக்கு வருவோம். தேயிலையின் துவர்ப்புக்குக் காரணமான பொருட்களைப் பாலில் உள்ள கேசீன் என்ற புரதம் பிடித்துக்கொள்ளும். துவர்ப்பு அடங்கிப்போகும். அதனால்தான் பழைய தூள், மலிவுத் தூள், காலையில் இருந்து அடுப்பில் கிடந்து கறுத்த சாயம் எல்லாம் பாலுக்குள் ஒளிந்துகொள்கின்றன. தேத்தண்ணிக்கடையில் பால் ரீயைக் கேட்டால் கடைக்காரர் என்ன தூள் போட்டார் என்று கண்டுபிடிக்கவே ஏலாது. பால் இல்லாத தேத்தண்ணியில் பொய் சொல்ல முடியாது. தூள் கூடாதென்றால் முதல் மிடறிலேயே பிடிபட்டுவிடும்.

அதனால் அதை ஒழுங்காகப் போடப் பழகவேணும். ‘வெறும்’ என்று நினைக்கிறதால்தான் அதைக் கவனமில்லாமல் போடுகிறோம். கவனமில்லாமல் போடுகிறதால் அது வாய்க்கு விளங்காது. பிறகு அதையே காட்டி “பார், இது வெறுந்தேத்தண்ணிதானே” என்கிறோம்.

முதலில் தண்ணி. எங்கள் பக்கத்துக் கிணத்துத் தண்ணியில் பல இடங்களில் கல்சியம் கூட. கேத்திலுக்குள் வெள்ளையாகப் படிகிறது அதுதான். அந்தத் தண்ணியில் போட்ட தேத்தண்ணி கலங்கி, மேலே ஆடை மாதிரி ஒரு படலம் மிதக்கும், மணமும் எழும்பாது. வவுனியாப் பக்கம் சிறுநீரக நோய்ப் பயத்தில் பலர் வடிகட்டின தண்ணிதான் குடிக்கிறார்கள். அதிலேயே தேத்தண்ணிக்கும் எடுங்கோ. ஊரில் நல்ல தண்ணிக் கிணறு எது என்று பெரியாக்களுக்குத் தெரியும், கேளுங்கோ.

இரண்டாவது கொதி. தண்ணி தளதள என்று கொதிக்க வேணும். காலையில் நிரப்பிவைத்த சுடுதண்ணிப் போத்தலில் இருந்து பத்து மணிக்கு ஊத்துகிற தண்ணி வெந்நீர் மட்டும்தான், அதில் தேயிலை விரியாது. ஒரே தண்ணியைத் திரும்பத் திரும்பக் கொதிக்க வைக்கவும் வேண்டாம்.

மூன்றாவது அளவும் நேரமும். ஒரு கோப்பைக்கு இரண்டு கிராம், அதாவது தட்டையாக ஒரு தேக்கரண்டி தூள். கோப்பையைச் சுடுதண்ணியில் ஒருக்கால் அலசிச் சூடாக்குங்கோ. கேத்திலுக்குள் தூளைப் போட்டு அவிக்காதேங்கோ. வேறொரு சாடியில் தூளைப் போட்டு, கொதித்தண்ணியை ஊத்தி, மூடி, மூன்று நிமிசம் விடுங்கோ. நல்ல பொடித் தூள் என்றால் இரண்டரை நிமிசம் காணும். பிறகு வடியுங்கோ. துணி வடி என்றால் அன்றன்றைக்குக் கழுவிக் காயவிட வேணும், நேற்றைய சாயத்தின் நாற்றம் இன்றைய கோப்பைக்கு வரக்கூடாது. சாயம் கடும் என்றால் அடுத்த முறை தூளைக் குறையுங்கோ. போட்ட சாயத்துக்குள் பச்சைத்தண்ணி விடுகிறது தேயிலைக்குச் செய்கிற அவமரியாதை.

கடைசியாக இனிப்பு. சீனியைக் கோப்பைக்குள் போடாமல் பக்கத்தில் வையுங்கோ. பனங்கட்டித் துண்டு இருந்தால் இன்னும் திறம். தடைக்காலத்துச் சனம் வேறு வழியில்லாமல் செய்தது, உண்மையில் தேயிலையின் ருசி தெரிய நல்ல வழி. இஞ்சி தட்டிப் போட ஆசையென்றால் போடுங்கோ, அதில் எனக்குச் சண்டை இல்லை.

தேத்தண்ணி போடுகிறதுக்குச் சட்டம் எழுதியவர்கள் உலகத்தில் நிறையப் பேர். ஜோர்ஜ் ஓர்வெல் 1946 இல் பதினொரு விதி எழுதினார். இலங்கைத் தேயிலை அல்லது இந்தியத் தேயிலை பாவிக்க வேணும் என்பது அவருடைய முதல் விதி. தேயிலையை ருசி பார்க்கிறவர்களுக்காக 100 மில்லிலீற்றருக்கு 2 கிராம், ஆறு நிமிசம் என்று ஒரு சர்வதேசத் தரமே இருக்கிறது. சாடியின் சூடு, கரண்டியின் அளவு எல்லாவற்றுக்கும் விதி உண்டு. கொழுந்து பறிச்ச கைக்கு மட்டும் ஒரு விதியும் இல்லை.

அந்தக் கணக்கை நாங்களே போட்டுப் பார்க்கலாம். பல தோட்டங்களில் ஒரு நாள் சம்பளத்துக்கு 18 கிலோ கொழுந்து பறிக்க வேணும். நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்தில் இருந்து ஏறக்குறைய ஒரு கிலோ தேயிலை வரும். அப்படியென்றால் ஒரு பெண்ணின் ஒரு நாள் உழைப்பு நாலு கிலோ தேயிலை. கோப்பைக்கு இரண்டு கிராம் என்றால் 2000 கோப்பை. 2024 இல் நிர்ணயித்த அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபா. அந்தக் கணக்கில் ஒரு கோப்பைக்கு அவருக்குக் கிடைத்தது 70 சதம்கூட இல்லை. கடையில் ஒரு தேத்தண்ணிக்கு நீங்கள் கொடுக்கிற காசைப் பக்கத்தில் வைச்சுப் பாருங்கோ.

“அது மலையகத்துப் பிரச்சினை, வன்னிக்கு என்ன?” என்று கேட்கிறவர்கள் இருப்பார்கள். கோப்பிக் காலத்தில் தமிழ்நாட்டில் இருந்து கூட்டி வரப்பட்ட சனம் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழி மாத்தளை மட்டும் நடந்தது. வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். அந்த நடையை நினைவுகூர்ந்து 2023 இல் தலைமன்னாரில் இருந்து மாத்தளைக்குத் திரும்பவும் நடந்தார்கள். 1867 இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் ரெய்லர் தேயிலை நட்டார் என்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அதைப் பறித்தவர்களின் பேரப்பிள்ளைகள் எங்களோடு ஒரே வகுப்பில் இருந்து படித்ததை எந்தப் புத்தகம் சொல்கிறது? 1958, 1977, 1983 கலவரங்களாலும், 1970களில் தோட்டங்களில் வந்த பஞ்சத்தாலும் துரத்தப்பட்டு வந்தவர்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் காடு வெட்டிக் குடியேறினார்கள். காந்தியம் அமைப்பு பலரைக் குடியமர்த்தியது. மலையாளபுரத்துக்கும் பாரதிபுரத்துக்கும் சாந்தபுரத்துக்கும் போய்ப் பாருங்கோ. எங்கள் வயல்களில் கூலிக்கு இறங்கினதும் அவர்கள்தான், போரில் எங்களோடு ஓடினதும் செத்ததும் அவர்கள்தான். இண்டைக்கும் காணிப் பத்திரத்துக்கு அலைகிறவர்களில் அவர்கள் பலர். குளத்துத் தண்ணி பாய்கிற வயல் அநேகமாக வேறு ஆட்களின் கையில்.

சண்டை வந்தால் எங்கள் வாயில் முதலில் வாற சொல் என்ன? ‘தோட்டக்காட்டான்’. கலியாணப் பேச்சு வந்தால்? “ஆக்கள் நல்லம்தான், ஆனால்...” அந்த ‘ஆனால்’ என்பதும் ‘வெறும்’ என்பதும் ஒரே வாயில் இருந்து வருகிற சொற்கள்தான். இலையையும் ‘வெறும்’ என்கிறோம், அதைப் பறித்தவரையும் ‘வெறும் கூலி’ என்கிறோம்.

சொல்லை மாற்றினால் சம்பளம் கூடாது, காணிப் பத்திரமும் வராது. அதுக்கு வேறு போராட்டம் வேணும், அதில் நாங்கள் நிற்கவும் வேணும். ஆனால் தன் வீட்டுக் குசினியில் ஆளுக்கொரு கோப்பை வைக்கிற பழக்கத்தை விடாதவர் மேடையில் ஏறிச் சமத்துவம் பேசினால் நான் நம்பமாட்டேன்.

அடுத்த முறை வீட்டுக்கு ஆள் வந்தால், அது கிராம சேவகரோ வேலி அடைக்க வந்தவரோ, தண்ணியைத் தளதள என்று கொதிக்க வையுங்கோ, மூன்று நிமிசம் பொறுங்கோ, எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கோப்பையில் ஊத்துங்கோ. மன்னிப்புக் கேட்காமல் “தேத்தண்ணி குடியுங்கோ” என்று மட்டும் சொல்லிக் கொடுங்கோ.