தினம் ஒரு பாட்டு

வேலையைத் தள்ளிப்போடுபவர்கள் எல்லோரும் சோம்பேறிகள் அல்ல. குறை வந்தால் தன் மதிப்பே போய்விடும் என்று அஞ்சுபவர் தொடங்காமலேயே தப்பிக்கிறார். 'நேரமில்லை' என்று சொல்லிவிட்டால் திறமை மீது பழி வராது. உயர்ந்த தரத்தை விரும்புவதில் தவறில்லை. தவறு நேருமோ என்ற பயம்தான் முடக்குகிறது.

2022 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருப்பதி இதற்கு மாற்று வழி காட்டுகிறது. 1503-ல் மறைந்த அன்னமாச்சாரியார், வேங்கடவன் மீது தினம் ஒரு பாட்டாவது இயற்றுவதென்று விரதம் பூண்டதாகச் சொல்வது மரபு. மொத்தம் 32,000 என்பார்கள். திருமலைக் கோயிலில் இருந்த செப்பேடுகள் வழியே 12,000-க்கும் மேல் கிடைத்திருக்கின்றன. இன்று கச்சேரிகளில் ஒலிப்பவை அவற்றில் சிறு பங்குதான். எது நிலைக்கும் என்று யோசித்துக் காத்திருந்தால் அந்தச் சிறு பங்கும் பிறந்திருக்காது. அன்றைய பாட்டு அன்றைய அர்ச்சனை. பாடியவருக்கு வைத்த பரீட்சை அல்ல.