ஏறுவது எளிது, இறங்குவதே அரிது



தர்மபுரியிலிருந்து சேலம் நோக்கிச் செல்வோர் தொப்பூர்க் கணவாயை எளிதில் மறக்கமாட்டார்கள். மலைகளுக்கிடையே வளைந்து வளைந்து இறங்கும் அச்சாலை எத்தனையோ உயிர்களைப் பலிகொண்டுள்ளது. பாரம் ஏற்றிய லாரிகள் இறக்கத்தில் கட்டுப்பாட்டை இழந்ததால் நேர்ந்த விபத்துகள் அங்கே பல. ஓட்டுநர்களில் சிலர் டீசலை மிச்சப்படுத்த எண்ணி, வண்டியை நியூட்ரலில் உருளவிட்டு இறங்குகின்றனர். அப்போது எஞ்சினின் பிடிமானம் அற்றுப்போய், முழுப்பாரத்தையும் பிரேக் ஒன்றே தாங்க வேண்டியதாகின்றது. இடைவிடாத உராய்வினால் அது சூடேறுகின்றது. சூடேறிய பிரேக் பிடிக்க மறுக்கின்றது. பிறகு நடப்பதை நாம் நாளிதழ்களில் படிக்கின்றோம்.

இதனுள் ஓர் அறிவியல் உண்மை அடங்கியுள்ளது. உயரத்தாலும் வேகத்தாலும் ஒரு பொருள் பெற்றுள்ள ஆற்றல், அது நிற்கும்போது மாயமாய் மறைந்துவிடுவதில்லை. அதில் பெரும்பகுதி வெப்பமாக வெளியேறியே தீரும். லாரிக்கு விதிக்கப்பட்ட இதே விதிதான் விண்வெளி ஊர்திக்கும். பூமியைத் தாழ்வான பாதையில் சுற்றிவரும் ஊர்தியின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 28,000 கிலோமீட்டர். வேகம் இரு மடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். இக்கணக்கின்படி, மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரியோடு ஒப்பிட்டால், அந்த ஊர்தியின் ஒவ்வொரு கிலோ எடையிலும் இரண்டு லட்சம் மடங்குக்கும் மேற்பட்ட ஆற்றல் பொதிந்துள்ளது! அவ்வளவையும் களைந்துவிட்டுத்தான் அது தரையைத் தொட வேண்டும்.

பழைய பாடம்

இறங்குதலின் அருமையை மனிதன் இன்று நேற்று உணரவில்லை. ஒன்பதாம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டின் குர்துபா நகரில் வாழ்ந்த அறிஞர் அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ், இறகுகளைப் பொருத்திக்கொண்டு காற்றில் மிதந்தார் என்று பதினேழாம் நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் அல்மக்கரி எழுதியுள்ளார். சற்றுத் தூரம் நன்றாகவே பறந்தவர், இறங்கும்போது முதுகில் அடிபட்டாராம். பறவை தரையிறங்க அதன் வால் துணைசெய்கின்றது என்பதை அறியாமல், தமக்கு வால் அமைத்துக்கொள்ளாததே காரணம் என்றும் அக்குறிப்பு கூறுகின்றது. நிகழ்ச்சிக்குப் பல நூற்றாண்டுகளுக்குப் பின் எழுதப்பட்ட செய்தி அது. ஆயினும் அது சுட்டும் பாடம் பழுதற்றது. இன்று நிலவில் ஒரு பெரும்பள்ளம் அவருடைய பெயரைத் தாங்கி நிற்கின்றது.

1903 டிசம்பர் 17 அன்று ரைட் சகோதரர்களின் முதல் பறப்பு 12 விநாடிகளே நீடித்தது. அன்றே அந்த விமானம் மேலும் மூன்று முறை பறந்தது. ராக்கெட்டின் கதையோ வேறு. நெடுங்காலம் அது ஒரே ஒருமுறை பயன்பட்டுக் கடலில் விழுந்தது. சென்னைக்கு ஒருமுறை சென்றதும் பேருந்தைக் கடலில் தள்ளிவிட்டால் பயணச்சீட்டின் விலை என்னவாகும்? விண்வெளிப் பயணம் பெருஞ்செலவு பிடித்ததற்கு இதுவும் ஒரு பெருங்காரணம்.

இந்நிலையை மாற்ற அமெரிக்கா விண்வெளி ஓடத்தை உருவாக்கியது. 1981 முதல் 2011 வரை அவ்வகை ஓடங்கள் 135 முறை ஏவப்பட்டன. ஆயினும் எதிர்பார்த்த சிக்கனம் கைகூடவில்லை. ஒவ்வொரு பயணத்திற்குப் பின்னரும் ஆயிரக்கணக்கான வெப்பத்தடுப்பு ஓடுகளைச் சோதித்துச் செப்பனிட வேண்டியிருந்தது. 2003ஆம் ஆண்டு கொலம்பியா ஓடம் மேலேறிய போதே நுரைப்பொருள் துண்டு ஒன்று மோதி, அதன் இடது இறக்கையின் முன்விளிம்பு சேதமடைந்தது. விண்வெளியில் இருந்த நாட்களில் அதனால் தீங்கு நேரவில்லை. பிப்ரவரி 1 அன்று திரும்பிவருகையில் அவ்வழியே வெப்பக்காற்று புகுந்து ஓடம் சிதறியது. நம் நாட்டில் பிறந்த கல்பனா சாவ்லா உட்பட எழுவர் உயிரிழந்தனர்.

நம் நாட்டுப் புஷ்பக்

இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் இவ்வரிய கலையைப் படிப்படியாகப் பயின்றுவருகின்றது. 2007 ஜனவரியில் 550 கிலோ எடையுள்ள கலம் ஒன்று பூமியைச் சுற்றிவிட்டு, வங்கக் கடலில் பத்திரமாக மீட்கப்பட்டது. 2016 மே 23 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இறக்கை பொருத்திய ஊர்தி ஒன்று 65 கிலோமீட்டர் உயரத்தை எட்டி, ஒலியைப் போல் ஐந்து மடங்கு வேகத்தில் இறங்கிக் கடலை அடைந்தது.

அடுத்து ஓடுபாதையில் இறங்கும் பயிற்சி தொடங்கியது. அண்டை மாநிலமான கர்நாடகத்தின் சித்ரதுர்கா மாவட்டத்தில், விமானப்படையின் சினூக் ஹெலிகாப்டர் ஊர்தியை ஏறத்தாழ நாலரை கிலோமீட்டர் உயரத்திற்குத் தூக்கிச் சென்று விடுவித்தது. எஞ்சினும் இல்லை, ஓட்டுநரும் இல்லை. அது தானே வழியறிந்து ஓடுபாதையில் இறங்கியது. 2023 ஏப்ரல் 2, 2024 மார்ச் 22, ஜூன் 23 ஆகிய மூன்று நாட்களிலும் சோதனை வெற்றிபெற்றது. பின்னைய இரு சோதனைகளிலும் இறங்கிய ஊர்தியின் பெயர் புஷ்பக். மூன்றாம் முறை வேண்டுமென்றே பாதையை விட்டு 500 மீட்டர் பக்கவாட்டில் விடுவித்தார்கள். புஷ்பக் தன்னைத் திருத்திக்கொண்டு ஓடுபாதையின் நடுக்கோட்டிற்கே வந்துசேர்ந்தது. மணிக்கு 320 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் தரையைத் தொட்டு, பாராசூட்டை விரித்து வேகத்தைத் தணித்த பின்னரே சக்கர பிரேக்கைப் பயன்படுத்தியது. இரண்டாம் சோதனையில் இறங்கிய அதே உடலே மூன்றாம் சோதனையிலும் பறந்தது என்பது குறிப்பிடத்தக்கது. எனினும் சுற்றுப்பாதையிலிருந்து திரும்பும் கடும் வெப்பம் என்னும் பெருஞ்சோதனை அதற்கு இன்னும் எஞ்சியுள்ளது.

அமெரிக்காவின் ஃபால்கன் 9 ராக்கெட்டின் கீழ் அடுக்கு 2015 டிசம்பரில் செங்குத்தாகத் தரையிறங்கியது. இறங்கிய அடுக்கு ஒன்று 2017இல் மீண்டும் பறந்தது. இறங்குவதற்கென்றே அது எரிபொருளில் ஒரு பங்கை ஒதுக்கிவைக்கின்றது. அதனால் சுமக்கும் சரக்கின் அளவு குறைகின்றது. அக்குறைவை இழப்பெனக் கருதாமல் ஏற்றுக்கொண்டதால்தான் ராக்கெட் மிஞ்சுகின்றது.

இறங்குவதற்கான செலவை மிச்சம் பிடிப்பது சிக்கனமாகாது. ராக்கெட் ஏவப்படும் காட்சியைத் தொலைக்காட்சியில் கண்டு உங்கள் வீட்டுப் பிள்ளைகள் கைதட்டும்போது, "இது எப்படித் திரும்பி வரும்?" என்று கேளுங்கள். அவ்வாறே, உங்கள் குடும்பத்தில் வாகனம் ஓட்டுவோர் இருப்பின், மலைச்சாலை இறக்கத்தில் வண்டியைக் கியரிலேயே வைத்து இறங்குமாறு சொல்லி அனுப்புங்கள். மிச்சமாகும் டீசலை விட வீடு திரும்பும் உயிர் பெரிது.